கம்பைல் ஆன நிரல் லினக்ஸில் ஓட மறுத்தால்: படிப்படியாகக் காரணம் காணும் வழிகாட்டி

கல்லூரி ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடிய நிரலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ போய், வீட்டு மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தால் ஒரே ஒரு வரியில் மறுத்துவிடும். மாணவர்கள் பெரும்பாலும் அந்த வரியைப் பாதி படித்ததும் மறுபடி கம்பைல் செய்கிறார்கள் (மூல நிரலைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றுகிறார்கள்), அல்லது லினக்ஸையே மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. நிரல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் கண்டால், பெரும்பாலான சிக்கல்கள் சில கட்டளைகளில் பிடிபட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்காக எழுதிய சி நிரலை எடுத்துக்கொள்வோம். மல்லிகை எத்தனை கிலோ வந்தது, என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக விவசாயிக்கு எவ்வளவு என்று கணக்கிடும் அந்த நிரலின் பெயர் பூக்கணக்கு. லினக்ஸில் கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலத்தில், தனியாகச் சொல்லாதவரை சிறிய எழுத்தில், தட்ட வேண்டும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஃபைல், ரீட்எல்ஃப், எல்டிடி, எஸ்ட்ரேஸ், ஜிடிபி ஆகிய ஐந்து கருவிகள் போதும். உபுண்டு, டெபியன் வகைகளில் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பை நிறுவினால் ரீட்எல்ஃப் கூடவே வரும். எல்டிடி ஏற்கெனவே இருக்கும். எஸ்ட்ரேஸையும் ஜிடிபியையும் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். இணைப்பு உள்ளபோதே இவற்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

நிரலைக் கோப்பு மேலாளரில் இருமுறை சொடுக்கி ஓட்டிப் பார்க்காதீர்கள். டெர்மினலில் விடையை அச்சிடும் நிரல் அப்படித் தொடங்கினால், அது அச்சிடுவதைக் காட்ட இடமில்லாமல் ஓடி முடிந்துவிடும். உண்மையில் ஓடிய நிரலை ஓடவில்லை என்று நினைத்துவிடுவோம். எல்லாச் சோதனையையும் டெர்மினலில் செய்யுங்கள்; வரும் செய்தியை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து சொல்லும் செய்தியில், மிகவும் வேண்டிய முதல் சொல்தான் விடுபட்டுப் போகிறது.

2. மறுப்பது யார் என்று பாருங்கள்

ஒரு நிரல் ஓடுவதற்குள் மூன்று கைகள் மாறுகின்றன. நாம் தட்டும் கட்டளையை வாங்கும் ஷெல் (பாஷ் அதில் ஒரு வகை) அதைத் தேடி, லினக்ஸின் மையமான கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் கோப்பைச் சோதித்து லோடரை அழைக்கிறது. லோடர், நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பகிரும் ஆயத்தக் குறியீட்டுக் கோப்புகளை, சேர்த்த பிறகுதான் நீங்கள் எழுதிய மெயின் தொடங்குகிறது. மறுப்பு எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதை வரியின் தொடக்கமே காட்டிவிடும்.

வரி "பாஷ்:" என்று தொடங்கினால் நிரல் இன்னும் தொடங்கவே இல்லை. ஷெல் தானாகவோ, கெர்னல் மறுத்ததைக் கேட்டோ பேசுகிறது. "./பூக்கணக்கு: எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று நிரலின் பெயரிலேயே தொடங்கினால், அது லோடரின் குரல். இவ்விரண்டும் இல்லாமல் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று மட்டும் வந்தாலோ, நீங்களே எழுதிய பிழைச்செய்தி வந்தாலோ, நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. கோளாறு உள்ளே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்ற ஒரே தொடர் ஷெல், லோடர், நிரல் ஆகிய மூவரிடமிருந்தும் வரக்கூடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்து, வேறு எதையும் தட்டுவதற்கு முன், "எக்கோ $?" என்று கேளுங்கள். கடைசிக் கட்டளை முடிந்த எண் கிடைக்கும். இடையில் வேறு கட்டளை கொடுத்துவிட்டால் அதன் எண்தான் வரும் என்பதால் வரிசை முக்கியம். 126 என்றால் கோப்பு கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. 127 என்றால் எதுவோ கிடைக்கவில்லை. அது நிரலா, லோடரா, லைப்ரரியா என்பதை எண் சொல்லாது, செய்தியின் முதல் சொல்தான் சொல்லும். 128க்கு மேற்பட்ட எண்ணிலிருந்து 128ஐக் கழித்தால், நிரலைக் கொன்ற சிக்னலின் எண் வரும்: 139 என்றால் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், 134 என்றால் 6, அபார்ட், 132 என்றால் 4, இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன், 137 என்றால் 9, யாரோ கில் செய்திருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்தபோது கெர்னலே அப்படிச் செய்வதுண்டு. டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் அது பதிவாகியிருக்கும்.

3. பெயரும் இடமும்

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், பெரும்பாலும் "./" விடுபட்டிருக்கும். பெயரை மட்டும் தட்டினால் ஷெல் பாத் என்ற மாறியில் உள்ள ஃபோல்டர்களில் மட்டுமே தேடும். நாம் நிற்கும் ஃபோல்டர் வழக்கமாக அந்தப் பட்டியலில் இராது. புள்ளியைப் பாத்தில் சேர்த்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். யாரோ ஒருவர் பொது ஃபோல்டரில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயரிலேயே ஒரு கோப்பை வைத்துவிட்டால், நீங்கள் அறியாமல் அதை ஓட்ட நேரிடும்.

புதியவர்கள் தங்கள் முதல் நிரலுக்கு டெஸ்ட் என்று பெயர் வைப்பது இதைவிடக் குழப்பமானது. டெஸ்ட் என்பது ஷெல்லுக்குள்ளேயே உள்ள கட்டளை. அதைத் தட்டினால் பிழையும் வராது, விடையும் வராது. எக்கோ தரும் எண் மட்டும் 1 என்று வரும். "டைப் -ஏ டெஸ்ட்" என்று கேட்டால் ஷெல் எதை எடுக்கிறது என்று தெரியும்.

நிரல் எந்தச் செய்தியும் இல்லாமல் 0 என்ற எண்ணோடு முடிந்தால், "எல்எஸ் -எல்" கொடுத்துக் கோப்பின் அளவைப் பாருங்கள். பென் டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கியதால் அளவு 0 ஆகிப்போன கோப்பை, பாஷ் வெற்று ஸ்கிரிப்டாகக் கருதி அமைதியாக முடித்துவிடும். இரண்டு கணினியிலும் "ஷா256சம்" ஓட்டி ஒப்பிட்டால் நகல் முழுமையா என்பது உறுதியாகும்.

4. அனுமதி

"பாஷ்: ./பூக்கணக்கு: பர்மிஷன் டினைட்" என்பதற்கு எல்லோரும் சொல்லும் விடை "சிஎச்மாட் +எக்ஸ் பூக்கணக்கு". ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கம்பைலர் தானே ஓட்டும் அனுமதியோடுதானே கோப்பை எழுதும், அது எங்கே போனது?

பென் டிரைவ் வழியாக வந்திருந்தால் விடை எளிது. எஃப்ஏடி32 வகைப் பென் டிரைவில் லினக்ஸ் அனுமதிகளை எழுதி வைக்க இடமே இல்லை. உபுண்டு போன்றவை அதைத் தானாக இணைக்கும்போது, இஎக்ஸ்இ போன்ற விண்டோஸ் பின்னொட்டு உள்ள கோப்புகளுக்கு மட்டும் ஓட்டும் அனுமதி காட்டும். அங்கே வைத்துச் சிஎச்மாட் கொடுத்தாலும் நிலைக்காது. ஆகவே முதலில் வீட்டு ஃபோல்டருக்கு நகலெடுத்து, பிறகு அனுமதி கொடுங்கள். டார் கோப்பாகக் கட்டிக் கொண்டுவந்தால், வீட்டு ஃபோல்டரில் பிரிக்கும்போது பழைய அனுமதி அப்படியே திரும்பிவிடும்.

அனுமதி சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால், அந்த ஃபோல்டர் உள்ள பகுதி நோஎக்ஸெக் என்ற நிபந்தனையோடு இணைக்கப்பட்டிருக்கலாம். "ஃபைண்ட்எம்என்டி -டி ." என்று கொடுத்து, டி மட்டும் பெரிய எழுத்தில், கடைசி நெடுவரிசையைப் படியுங்கள். நோஎக்ஸெக் இருந்தால் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்துவதே வழி. ஆய்வகக் கணினிகளில் பொது ஃபோல்டர்களை இப்படிப் பூட்டி வைத்திருப்பது பொறுப்பாளர் வேண்டுமென்றே செய்தது. அதை உடைக்கப் பார்க்க வேண்டாம்.

சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, ஓட்டிப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. ஓட்டும் அனுமதி யாருக்குமே இல்லாத கோப்பை ரூட்டும் ஓட்ட முடியாது. ஓடினாலோ, நிரல் உண்டாக்கும் கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயரில் எழுதப்பட்டு, மறுநாள் உங்களாலேயே அவற்றைத் திருத்த முடியாமல் போகும்.

5. கோப்பு எந்த வகை என்று கேளுங்கள்

"ஃபைல் ./பூக்கணக்கு" என்ற ஒரு கட்டளையை எப்போதும் ஓட்டுங்கள், சிக்கல் இல்லாதபோதும் ஒருமுறை ஓட்டி, ஆரோக்கியமான விடை எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மடிக்கணினியில் "எல்ஃப் 64-பிட்", "எக்ஸ்86-64", "டைனமிக்கலி லிங்க்டு", "இன்டர்ப்ரிட்டர் /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2" ஆகியவை அந்த வரியில் இருக்க வேண்டும்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்" வந்தவர்கள் இங்கேயே காரணத்தைக் காண்பார்கள். வரியில் "ரீலொக்கேட்டபிள்" என்று இருந்தால், ஜிசிசி கம்பைலருக்கு "-சி" கொடுத்திருக்கிறீர்கள். அது கம்பைல் மட்டும் செய்து, லிங்க் செய்யாமல் (துண்டுகளை ஒரே நிரலாக இணைக்காமல்) நிறுத்திவிடும். இப்படி உண்டான கோப்புக்கு ஓட்டும் அனுமதி இருக்காது. ஆகவே முதலில் பர்மிஷன் டினைட் வரும், மாணவர் சிஎச்மாட் கொடுப்பார், உடனே செய்தி எக்ஸெக் ஃபார்மட் எரர் என்று மாறும். அந்த மாற்றத்தைக் கண்டு, சிக்கல் கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அனுமதி என்ற திரை விலகி உண்மைக் காரணம் தெரிகிறது. "-சி" இல்லாமல் மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

வரியில் "ஏஆர்எம் ஏஆர்ச்64" என்று இருந்தால், ராஸ்பெர்ரி பை போன்ற பலகைக்காகக் கம்பைல் ஆன கோப்பு அது. "பிஇ32" என்று தொடங்கினால் விண்டோஸ் கோப்பு. உங்கள் கணினி எந்த வகை என்பதை "யுநேம் -எம்" சொல்லும். வகை பொருந்தாவிட்டால் மூல நிரலைக் கொண்டுவந்து இங்கேயே கம்பைல் செய்வதுதான் நேர்வழி. யுநேம் சொல்வது கெர்னலின் வகையை மட்டுமே. 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் அமைப்பு ஓடும் பலகைகளும் உண்டு என்பதால், பையில் இருப்பவர்கள் "கெட்கான்ஃப் லாங்_பிட்" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் லாங்_பிட் முழுவதும் பெரிய எழுத்து.

பழைய ஃபைல் பதிப்புகள் முழுமையான நிரலைக்கூட "ஷேர்டு ஆப்ஜெக்ட்" என்று சொல்லும். இன்றைய ஜிசிசி பெரும்பாலும் எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய வடிவில் நிரலை உண்டாக்குவதால் வரும் விளைவு அது. தவறாக லைப்ரரியை உண்டாக்கிவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

6. கண்முன் இருக்கும் கோப்பை "இல்லை" என்று சொன்னால்

எல்எஸ் கொடுத்தால் கோப்பு தெரிகிறது, ஓட்டினால் "பாஷ்:./பூக்கணக்கு: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. புதியவர்களை அதிகமாகத் திணறடிக்கும் செய்தி இதுதான். இல்லாமல் போனது உங்கள் நிரல் அன்று, அது கேட்கும் லோடர். கெர்னல் ஒரே பிழை எண்ணை இரண்டுக்கும் திருப்பித் தருவதால், பழைய பாஷ் உங்கள் கோப்பின் பெயரையே போட்டுவிடுகிறது. பாஷ் 5.2 முதல் "கேனாட் எக்ஸிக்யூட்: ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று சற்றுத் தெளிவாகச் சொல்கிறது.

ஐந்தாம் படியில் கிடைத்த வரியில் இன்டர்ப்ரிட்டர் என்பதற்குப் பின் உள்ள பாதையை (லோடர் இருக்க வேண்டிய இடம் அதுதான்) நகலெடுத்து, "எல்எஸ் -எல்" கொடுத்துப் பாருங்கள். "/லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2" என்பது 32 பிட் இன்டெல் நிரலுக்கான லோடர், 64 பிட் உபுண்டுவில் அது தானாக வராது. "டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386" கொடுத்து, ஏபிடி அப்டேட் செய்து, "லிப்சி6:ஐ386" தொகுப்பை நிறுவ வேண்டும். மூன்றுக்கும் சூடோ தேவை. நடுவில் உள்ள அப்டேட்டை விட்டுவிட்டால் தொகுப்பே கிடைக்கவில்லை என்று வரும். பாதையில் "எல்டி-மசில்" என்று இருந்தால், அது ஆல்பைன் போன்ற, மசில் என்ற வேறு சி லைப்ரரியைக் கொண்ட லினக்ஸில் கம்பைல் ஆனது; அதை இங்கே மறுபடி கம்பைல் செய்வதே நல்லது.

இந்தக் கட்டத்தில் எல்டிடியை நம்பாதீர்கள். லோடர் இல்லாத நிரலைக் காட்டினால் "நாட் எ டைனமிக் எக்ஸிக்யூட்டபிள்" என்று சொல்லிவிடும். அதைப் படித்துவிட்டு லைப்ரரியே தேவைப்படாத நிரல் என்று முடிவு செய்தவர்கள் வெகுநேரம் தவறான திசையில் போவதைப் பார்த்திருக்கிறேன்.

7. லைப்ரரி கிடைக்கவில்லை

இப்போது பேசுவது லோடர். செய்தியின் நடுவில் விடுபட்ட லைப்ரரியின் பெயர் இருக்கும், ஆனால் முதலாவது மட்டும். முழுப் பட்டியலுக்கு "எல்டிடி ./பூக்கணக்கு" கொடுத்து, "நாட் ஃபவுண்ட்" என்று முடியும் வரிகளைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிரலுக்கு எல்டிடி வேண்டாம், அது சில சூழலில் அந்த நிரலையே ஓட்டக்கூடும். "ரீட்எல்ஃப் -டி" கொடுத்து "நீடெட்" என்ற வரிகளைப் படித்தால் போதும்.

லைப்ரரி கணினியிலேயே இல்லையென்றால் அதற்குரிய தொகுப்பை நிறுவுங்கள். "ஏபிடி-ஃபைல் சர்ச்" என்ற கட்டளைக்குப் பின் லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் எந்தத் தொகுப்பு என்று தெரியும்.

லைப்ரரி இருந்தும் கிடைக்கவில்லை என்றால், லோடர் தேடும் இடத்தில் அது இல்லை. கம்பைல் செய்யும்போது பெரிய எழுத்து எல் கொண்ட "-எல்" கொடுத்துப் பாதையைக் காட்டினோமே என்று கேட்பார்கள். அந்தப் பாதை லிங்க் செய்யும் நேரத்துக்கு மட்டுமே. ஓடும் நேரத்தில் லோடருக்கு அது தெரியாது. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் லைப்ரரிச் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்தது.

நீங்களே மூல நிரலிலிருந்து நிறுவிய லைப்ரரி /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் போய் அமரும். அதற்குப் பின் "சூடோ எல்டிகான்ஃபிக்" ஒருமுறை ஓட்ட வேண்டும். லோடர் ஒரு சேமித்த பட்டியலைப் பார்க்கிறது, அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பது இந்தக் கட்டளை. லைப்ரரியை நிரலோடு சேர்த்தே கொடுக்க விரும்பினால், லிங்க் செய்யும்போது "-டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஒரிஜின்'" என்று சேருங்கள். இதில் டபிள்யூவும் ஒரிஜினும் பெரிய எழுத்து. நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேயே லோடர் தேடும். ஒற்றை மேற்கோள் குறி இல்லாவிட்டால், ஷெல் டாலர் குறியைத் தன் மாறியாக எடுத்துக்கொண்டு வெற்றிடமாக்கிவிடும்.

எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறி (முழுவதும் பெரிய எழுத்து) சோதனைக்கு நல்லது. அதைப் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்தால், சம்பந்தமில்லாத வேறு நிரல்கள் தவறான லைப்ரரியை எடுத்துக்கொண்டு விழத் தொடங்கும். பெயரில் எஸ்ஓ.2 உள்ள லைப்ரரியைக் கேட்கும் நிரலுக்கு, எஸ்ஓ.3ஐச் சிம்பாலிக் லிங்க் (வேறு பெயரில் சுட்டும் கோப்பு) போட்டு ஏமாற்றுவதும் அப்படித்தான்: எண் மாறியதே, பழையதோடு பொருந்தாது என்று அறிவிப்பதற்காக.

8. "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்"

ஆய்வகத்தில் உபுண்டு 22.04, வீட்டில் உபுண்டு 20.04. நிரல்கள் சார்ந்திருக்கும் முதன்மை சி லைப்ரரியான ஜிலிப்சி முன்னதில் 2.35, பின்னதில் 2.31. புதியதில் கம்பைல் செய்த நிரல் பழையதில் ஓடாது. பழையதில் செய்தது புதியதில் ஓடும். இந்த ஒருவழிப் பாதையை மாற்ற முடியாது.

ஒரு வரியை அச்சிடும் நிரலுக்குக்கூட ஏன் 2.34 கேட்கிறது என்றால், அந்தப் பதிப்பில் த்ரெட் லைப்ரரி முதன்மை லைப்ரரியோடு இணைக்கப்பட்டது. நிரலைத் தொடங்கி வைக்கும் அடிப்படைக் குறியீடும் புதிய பதிப்பு எண் பெற்றது. அதற்குப் பின் கம்பைல் ஆன எந்த நிரலும் அந்த எண்ணைக் கேட்கும்.

இணையத்தில் தேடி எடுத்த லிப்சி.எஸ்ஓ.6 என்ற ஜிலிப்சிக் கோப்பைச் சிஸ்டம் ஃபோல்டரில் நகலெடுத்துப் போடாதீர்கள். எல்எஸ், சிபி, சூடோ உட்பட எல்லாக் கட்டளைகளும் அதன் மேல்தான் நிற்கின்றன. அடுத்த நொடி எதுவும் ஓடாது, நகலெடுத்ததைத் திருப்பவும் முடியாது. மூல நிரலை எடுத்துவந்து வீட்டிலேயே கம்பைல் செய்யுங்கள். மூல நிரலைக் கொடுக்க முடியாதவர்கள், தங்கள் பயனர்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய பதிப்பில் கம்பைல் செய்து கொடுக்க வேண்டும். பூக்கணக்கு போன்ற, இணையத்தைத் தொடாத சிறு நிரலுக்கு "-ஸ்டாடிக்" கொடுத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைத்துவிடுவதும் தகும்.

9. ஓடத் தொடங்கி விழுந்தால்

எண் 132 என்றால் பிராசஸரைப் பாருங்கள். ஆய்வகக் கணினியில் "-மார்ச்=நேட்டிவ்" கொடுத்துக் கம்பைல் செய்தால், அந்தப் பிராசஸருக்கு உரிய கட்டளைகளையெல்லாம் கம்பைலர் பயன்படுத்திக்கொள்ளும். பழைய மடிக்கணினிகளில் உள்ள பென்டியம், செலரான் வகைகள் பலவற்றில் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லை. அங்கே நிரல் விழும். கட்டளையில் அந்த "-மார்ச்=நேட்டிவ்" பகுதியை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள்.

எண் 139 என்றால் "-ஜி" சேர்த்துக் கம்பைல் செய்து, "ஜிடிபி ./பூக்கணக்கு" திறந்து, "ரன்" கொடுத்து, விழுந்த பின் "பிடி" (பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து) கொடுங்கள். எந்த வரி என்று காட்டும். "-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்" சேர்த்துக் கம்பைல் செய்தால், எல்லை மீறி எழுதிய இடத்தையும் காட்டும்; அரேக்கு வெளியே எழுதிவிட்டு வெகுதூரம் ஓடியபின் விழும் நிரலுக்கு ஜிடிபியைவிட இது உதவும்.

தன் ஃபோல்டரில் நன்றாக ஓடி, வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் மட்டும் விழுகிறதா? விலைப்பட்டியல் என்ற கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன், அதை நிரல் இருக்கும் இடத்தில் தேடாது, நீங்கள் நிற்கும் இடத்தில்தான் தேடும். கிடைக்காமல் "நல்" என்ற வெற்று மதிப்பு திரும்பிவர, அதைச் சோதிக்காமல் படிக்கப் போய் நிரல் விழுகிறது. "எஸ்ட்ரேஸ் -ஈ ஓப்பன்அட் ./பூக்கணக்கு" ஓட்டினால் நிரல் திறக்க முயன்ற ஒவ்வொரு கோப்பும் வரிசையாக வரும். தொடக்கத்தில் லோடர் லைப்ரரிகளைத் தேடும் வரிகளில் இஎன்ஓஇஎன்டி (அப்படிக் கோப்பு இல்லை) என்று சில வருவது இயல்பே. அவற்றைத் தாண்டி, விழுவதற்குச் சற்று முன்னால் உள்ள வரிகளைப் படியுங்கள்.

10. பிறரிடம் கேட்கும் முன்

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் ஆசிரியரிடமோ தெரிந்த அண்ணனிடமோ கேட்கலாம். அப்போது கம்பைல் செய்த கட்டளை முழுவதும், ஓட்டியபோது வந்த செய்தி முழுவதும், எக்கோ தந்த எண், ஃபைல் தந்த வரி, யுநேம் தந்த வரி, எல்டிடி தந்த பட்டியல், இரண்டு கணினிகளின் லினக்ஸ் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் வரியின் ஓரங்கள் வெட்டுப்படும். எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். கேட்கும்வரை பழைய நிரல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், மறுபடி கம்பைல் செய்ததும் அது மாறிவிட்டால் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது.